பத்து நிமிட ஈரம்

நேற்றிரவு எட்டாம் வாட்டில்
பதினெட்டு இடங்களில் பொட்டு வைத்தேன்.
கண்ணுக்குத் தெரியாத பசை.
அழுத்தித் துடைத்தால் போய்விடும்,
சும்மா தடவினால் போகாது.
கதவுக் கைபிடி, குழாய்த் திருகு,
லைட் சுவிட்ச், சேலைன் தொங்கும் கம்பி,
கட்டில்களின் பக்கச் சட்டம்.
உளவு பார்க்கிற வேலைதான்.
சம்பளத் தாளில் அதற்கு வேறு பெயர்.

பவளராணிக்கு இது தெரியாது.
வீதியோரம் படுத்த மான்களை விலத்தி
ஐந்தரைக்கு வருவாள்.
முதலில் சவர்க்காரத் தண்ணீர்.
சளியும் இரத்தமும் ஒட்டிய இடத்தில்
குளோரின் அவற்றோடு மல்லுக்கட்டிக் களைத்துவிடும்,
கிருமிக்கு மிஞ்சாது என்று
வகுப்பில் நான் சொன்னபோது
"கச்சேரிக்குக் கொண்டுபோற காசு மாதிரி,
வாசலிலேயே முடிஞ்சிரும்" என்றாள்.

பிறகு மருந்து,
இன்று கலந்தது.
வெயில் பட்ட போத்தலில்
மணம் இருக்கும், பலம் இருக்காது.
பிறகு பத்து நிமிடம்
ஈரம் காயக்கூடாது.

இதைப் புத்தகத்தில் எழுதியவர்
ஆனி மாதம் திருகோணமலைக்கு
வந்திருக்கமாட்டார்.
கச்சான் காற்று ஜன்னலால் புகுந்து
நாலு நிமிடத்தில் நக்கி முடிக்கிறது.
அவள் திரும்பிப் போய் நனைக்கிறாள்,
மறுபடி நனைக்கிறாள்.
இருபத்திரண்டு கட்டில்,
ஒரு வாளி, ஒரு இடுப்பு.

உப்புக்காற்று சட்டங்களின் பெயின்றை
உரித்துத் தின்றிருக்கிறது.
துருக்குழிக்குள் எந்தத் துணியும் இறங்காது.
புதுக் கட்டில் கேட்டு மூன்று கடிதம் போட்டேன்.
பதில் வந்தது:
கடிதம் கிடைத்தது.

காலை ஏழு மணி.
திரையை இழுத்துவிட்டு
ஊதா விளக்கைப் பிடித்தேன்.
சுவிட்ச், இருட்டு. குழாய், இருட்டு.
பதினோராம் கட்டிலில் மட்டும்
ஒரு பொட்டு நீலமாய் முழித்தது.
பாதிப் பொட்டு.
மீதி உதுமாலெவ்வையின் பெருவிரலில்.

"இரவு முழுக்கச் சட்டத்தைப் பிடிச்சபடி, மிஸ்ஸி.
மூண்டு தரம் வந்து பாத்தன், கை விடேல்ல.
கழட்டினா முழிச்சிருவார்.
விரலைச் சுத்தித் துடைச்சன்."

விளக்கை இன்னும் அணைக்கவில்லை.
பிளாஸ்க் மூடியில் ஒரு நீலம்.
முதல் பஸ்ஸில் கிண்ணியாவிலிருந்து வந்த
அவர் பெண்சாதியின் முக்காட்டு ஓரத்தில் ஒன்று.
பிறகு, புள்ளி போடக் குனிந்தபோது,
என் பேனையில்.
நேற்று வைத்த கையா, இன்று தொட்ட கையா,
விளக்கு அதைச் சொல்லாது.

பதினெட்டுக்குப் பதினேழு என்று எழுதினேன்.
காரணம் எழுதப் படிவத்தில் இடமில்லை.
ஓரத்தில் "கை" என்று எழுதிவிட்டு
பேனையையும் துடைத்தேன்.

அவர் எட்டரைக்கு முழித்தார்.
விரல்களை ஒவ்வொன்றாய் விரித்து
ஸ்பிரிட் தடவினேன்.
பவளராணி சட்டத்தை நனைத்தாள்.
"பத்து நிமிசம் தொடப்படாது, வாப்பா."
"அதுவரை கையை எங்க வைக்கிற?"

யாரும் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை.
கையுறையைக் கழற்றிவிட்டு
என் கையைக் கொடுத்தேன்.
மணிக்கூட்டைப் பார்த்தோம், மூன்று பேரும்.
மெலிந்த கை, ஆனால்
இழுவலை இழுத்த பிடி.

கச்சான் திரையைத் தூக்கி அடித்தது.
நாலாம் நிமிடம் பவளராணி எழும்பி
திரும்பவும் நனைத்தாள்.