இதர

மாதத்தின் முதல் வெள்ளி, மூன்று மணி.
எட்டாம் வகுப்பு ஆ பிரிவின் பெஞ்சுகளில்
முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள்
பதினோரு பெற்றோர்.
தீர்மான நோட்டு என் மடியில்.
கையெழுத்து நன்றாயிருப்பதற்குத் தண்டனை இது,
ஒன்பது வருடமாக.

பொருள் ஒன்று: தாமத வருகை.
தேசப்பன் எழுந்தார்,
காக்கிச் சட்டையைக் கழற்ற நேரமில்லாமல் வந்தவர்.
"கொருக்குப்பேட்டை கேட்டு மூடிட்டா
எமனே வந்தாலும் நின்னுதான் போவணும்.
கூட்ஸ் வண்டிக்குத் தெரியுமா ஒங்க பெல்லு?"
எல்லோரும் சிரித்தார்கள்.
தலைமையாசிரியையும், சிரிக்காத மாதிரி.
நான் எழுதினேன்:
'மாணவர்கள் குறித்த நேரத்தில் வருவதைப்
பெற்றோர் உறுதிசெய்ய வேண்டும்.'

பொருள் இரண்டு: முடி.
பி.டி. மாஸ்டர் எபினேசரிடம்
காதோரம் கோடு போட்ட தலைகளின் பட்டியல் இருந்தது.
"வெட்டறதுக்கு நூத்தம்பது கேக்கறான் சார்,"
என்றார் பூங்காவனம்.
"மாசத்துக்கு ரெண்டுதபா வெட்டுனா
அந்தத் தலைக்கு நான் எண்ணெ வாங்கறதா,
அரிசி வாங்கறதா?"
'முடிதிருத்தம் குறித்து அறிவுறுத்தப்பட்டது.'

பொருள் மூன்று: செல்போன்.
பையன் வைத்திருக்கக் கூடாது,
வீட்டுப்பாடம் மட்டும் அதில்தான் வரும்.
வீட்டில் இருப்பதோ ஒன்று;
அது அம்மாவோடு அண்ணாநகர் போய்
நாலு வீடு பெருக்கித் துடைத்து
ராத்திரி எட்டுக்குத்தான் திரும்புகிறது.
இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு போன் அடித்தது.
என்னுடையது.

பொருள் நான்கு: இதர.
இதர என்றால்
டீ வந்துவிட்டது, செருப்பைத் தேடலாம் என்று அர்த்தம்.
நான்தான் சும்மா இராமல் ஆரம்பித்தேன்:
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்
பாத்ரூம் என்று கேட்டால் ஒருத்தி போவதில்லை.
இருவர், சமயத்தில் மூவர்.
ஐந்தாம் பீரியடில் பதினைந்து நிமிடம்.
"கதை பேசத்தான் போறாங்க."

கடைசி பெஞ்சில்
அதுவரை வாய் திறக்காத ஏகவல்லி,
மிளகாய் மண்டியிலிருந்து நேராக வந்தவர்,
விரல் நுனிகள் இன்னும் சிவப்பு,
டீயைத் தொடாமலே சொன்னார்:
"கதை பேசப் போவல மிஸ்.
கதவு புடிக்கப் போறாங்க."

மூணு கதவு. ஒண்ணுக்கும் தாழ்ப்பாள் இல்லை.
உள்ளே ஒருத்தி என்றால்
வெளியே ஒருத்தி இழுத்துப் பிடிக்க வேண்டும்.
கூட வர ஆள் இல்லாத அன்றைக்கு
"எம்பொண்ணு தண்ணியே குடிக்கறதில்ல."

பேன் சுற்றுகிற சத்தம் கேட்டது.
எபினேசர் பட்டியலை மடித்து
மடித்து
சட்டைப் பைக்குள் வைத்தார்.
என் கைப்பையில்
ஆசிரியைகள் கழிப்பறையின் சாவி,
பிளாஸ்டிக் கிளி கோத்தது.
அந்தப் பெண்ணை இரண்டு முறை
உட்கார் என்று சொல்லியிருக்கிறேன்.

எஸ்டிமேட், கொட்டேஷன், மண்டல அலுவலகம்
என்று கொஞ்ச நேரம் போயிற்று.
'உரிய அலுவலருக்குக் கடிதம் எழுத'
வரை எழுதிவிட்டு
ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அடித்தேன்.
அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.
'கதவு புடிக்கப் போறாங்க.'
அந்த நோட்டில் அது
யாரோ செருப்போடு உள்ளே வந்துவிட்டதைப் போல இருந்தது.

கையெழுத்துப் போட வந்த ஏகவல்லி
வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார்.
'முடிக்க வேண்டிய நாள்' என்ற கட்டத்தில்
விரல் நின்றது.
எப்போதும் காலியாக விடுகிற கட்டம்.
எடுக்கவில்லை.
திங்கள் என்று எழுதினேன்.

திங்கட்கிழமைக்குள் இரண்டு கதவுக்கு வந்தது,
தேசப்பனின் மச்சான் ஸ்குரூ டிரைவரோடு வந்ததால்.
மூன்றாவதற்கு நிலையே உளுத்திருக்கிறது,
ஆணி நிற்கவில்லை.
அது அடுத்த மாதத்துக்கு. இதரவில் அல்ல,
பொருள் ஒன்றில்.

ஐந்தாம் பீரியட், இருசமபக்க முக்கோணம்.
இருவர் எழுந்தார்கள்.
கதவுக்கா, கதைக்கா?
கேட்கவில்லை.
சாக்பீஸ் பிடித்த கையாலேயே
போங்கள் என்று காட்டினேன்.