முந்நூறு அடி

படப்பிடிப்பில் எனக்கென்று ஒரு தூரம் உண்டு.
முந்நூறு அடி.
அதற்குள் என் ஜெனரேட்டர் வந்தால்
ஒலிப்பதிவுக்காரர் கெட்ட வார்த்தை பேசுவார்.

கானாடுகாத்தான் வீடுகளுக்கு
முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் மறு தெரு.
நடிகர்கள் இறங்குவது முன்தெருவில்.
பின்தெருவில், பூட்டிய வீடொன்றின் மதிலோரம்
நானும் நூற்றிருபத்தைந்து கேவியும்
கொஞ்சம் கருவேலமும்.
ஒன்பது வருஷத்தில் முப்பத்தோரு படங்களுக்கு
வெளிச்சம் அனுப்பியிருக்கிறேன்.
ஒரு ஷாட்கூடப் பார்த்ததில்லை.

பார்க்காவிட்டால் என்ன, முள் சொல்லும்.
லோடு ஏறினால் பெரிய லைட்.
இறங்கினால் யாரோ சாகப் போகிறார்கள்,
அல்லது காதலிக்க.
அந்தப் பக்கம் நடப்பதை
இந்தப் பக்கம் எழுதிக்கொள்வேன்,
டீசல் கணக்கு நோட்டின் கடைசித் தாளிலிருந்து
முன்னோக்கி.
போன மாசியில்
கணக்கும் கதையும் நடுப்பக்கத்தில் முட்டிக்கொண்டன.
"என்னடா சேவுகா இது,
'அவள் கதவைத் திறக்கவில்லை' -
எத்தனை லிட்டர்?" என்றார்
முதலாளி வயிரவன் அண்ணன்.

கனகதாராவின் முதல் படத்தைக்
காரைக்குடியில் மூன்று நாளில் தூக்கிவிட்டார்கள்.
மூன்று நாளும் போனேன்.
கடைசி இரவுக் காட்சிக்கு ஏழு பேர்,
அதில் ஒருவர் தூங்க வந்தவர்.
ஒரு பெண் பஸ்ஸுக்குக் காத்திருப்பாள், அவ்வளவுதான்.
பஸ் வரும். ஏறமாட்டாள்.
அன்றைக்கு நானும் ஏறாமல்
வீடுவரை நடந்தேன்.

அந்தக் கனகதாரா
இந்தப் புரட்டாசியில் முன்தெருவில் இருந்தார்.
கண்டால் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்,
சவரம் செய்யும்போதும்
டயருக்குக் காற்றடிக்கும்போதும் சொல்லிப் பழகியது.

பன்னிரண்டாம் நாள், ராத்திரி ஒன்றரை.
பின்வாசல் கதவு திறந்து
செருப்பில்லாமல் வந்தார்.
என் வண்டிக்கு அந்தப் பக்கம் குந்தினார்.
வாயைத் திறந்து கத்தினார்.
எனக்கே கேட்கவில்லை,
கழுத்து நரம்புதான் தெரிந்தது.
கத்துவதற்கு ஊரிலேயே நல்ல இடம்
என் ஜெனரேட்டர் பக்கம் என்று
எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.
வாக்கியம் தொண்டைவரை வந்தது.
வெளியே வந்தது:
"எம்பது லிட்டர் இருக்கு மேடம்."

"எதுவரைக்கும் ஓடும்?"
"அஞ்சு மணி."
"போதும். அந்தாளு ஏன் சிரிக்கிறான்னு
அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்.
அறுபது பேரு நிக்கிறாங்க."

கை நடுங்கியது. என்னிடம் பீடி வாங்கினார்.
"டீசல் பக்கத்துல வேணாம் மேடம்."
தலையாட்டி, காதில் செருகிக்கொண்டு
போய்விட்டார்.
என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மூன்றேகாலுக்கு முள் சரிந்தது.
ஒரே ஒரு லைட்டை மட்டும் விட்டு
மற்றதையெல்லாம் அணைத்திருக்கிறார்.
கண்டுபிடித்துவிட்டார்,
இல்லை, கண்டுபிடித்த மாதிரி நிற்கத் துணிந்துவிட்டார்.
முள்ளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பயம் போனபிறகு தொடங்கலாம் என்று
நானல்லவா ஒன்பது வருஷம்
டீசல் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி. அடைமழை. ஷூட்டிங் இல்லை.
மச்சினனின் போன்.
பள்ளத்தூர் சலூன்காரர் வெளியே நின்று தட்டுகிறவர்.
என் மனைவி பூரணம் உள்ளே,
கதவைத் திறக்காத பெண்.
'ஆக்‌ஷன்' என்று சொல்ல வாய் வரவில்லை.
"ம்" என்றேன்.
அவள் தாழ்ப்பாளில் கை வைத்தபோது
அடுத்த வீட்டில் மிக்ஸி ஓடியது.

ஒலிப்பதிவுக்காரரின் அந்த வார்த்தை
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
"மரகதம் அக்கா, ரெண்டு நிமிஷம் நிப்பாட்டுங்களேன்,
படம் எடுக்கிறோம்."
சொல்லிவிட்டேன். தெருவுக்கே கேட்கும்படி.

"சட்னி அரைச்சுட்டு நிப்பாட்டுறேன்" என்றார் அக்கா.

காத்திருந்தோம்.
என் கை நடுங்கியது.
திரைக்குள் கதவும் சேர்ந்து நடுங்கியது.
அது நன்றாகத்தான் இருந்தது.