மணிக்குப் பதினான்கு யூரோ

தலையணை இல்லை, இன்ஸ்பெக்டர்.
எல்லோரும் தலையணையில்தான் தொடங்குகிறீர்கள்.
ஆக்சிஜன் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினேன்.
அதே துளையில்
என் போன் சார்ஜரைச் செருகினேன்.
பன்னிரண்டு சதவீதம்தான் இருந்தது.
அலாரம் கத்தியது.
அவர் போர்வையை உருவி அதன்மேல் போட்டேன்.

பழைய இறால் வியாபாரி.
எச்சில் கையால்
கடற்காகத்தைக்கூட ஓட்டாதவர்.
ஓஸ்டெண்ட் துறைமுகத்தில் பாதிப் பேர்
அவர் செத்தால் ஊருக்கே பீர் என்று
நேர்ந்துகொண்டிருந்தார்கள்.
அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.
என்னிடம் நன்றாகத்தான் இருந்தார்.
பிறந்தநாளுக்குக் கையுறை வாங்கித் தந்தார்,
வெளியே தோல், உள்ளே கம்பளி.
அன்றைக்கும் அதைத்தான் போட்டிருந்தேன்.

அப்பா குடிப்பாரா, அடிப்பாரா என்று கேட்கிறீர்கள்.
டிராம் ஓட்டினார்.
ஞாயிறுதோறும் வாஃபிள் வாங்கித் தருவார்,
என் மூக்கில் ஒட்டிய சர்க்கரையை
விரலால் துடைத்துவிடுவார்.
அந்தப் பக்கம் தோண்டினால் தண்ணீர் வராது.

பூனைக்குச் சாப்பாடு வைத்துவிட்டுப் போனதை
இரண்டு தடவை கேட்டீர்கள்.
உங்கள் முகம் கொஞ்சம் இளகியது, பார்த்தேன்.
பசித்தால் அது கத்தும்.
கீழ்வீட்டு டெலாரை அம்மாளுக்குக்
காது கூர்மை.

யோரிஸ், தங்கை மகன்,
மூன்றில் ஒரு பங்கு என்றான்.
பெட்டியின் மேல் விழுந்து அழுதான்.
கூலிக்கு மாரடிப்பவர்களே
இதைவிட ஒழுங்காக அழுவார்கள்.
நீங்கள் காபி ஊற்றும் முன்பே
அவன் பெயரைச் சொல்லிவிட்டேன்,
சர்க்கரை வேண்டுமா என்று
கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

எட்டு மணிக்கு எல்லாம் அடங்கியது.
வெளியே மழை, அடுத்த டிராம் வரை நேரமிருந்தது.
வாளியில் மிச்சமிருந்த இறாலை உரித்தேன்,
தலையைத் திருகி, ஓட்டை இழுத்து,
அவர் காட்டித்தந்த மாதிரியே.
பிறகு நேரத்தாளில் எழுதினேன்:
வேலை முடிந்தது, இரவு பத்து.
இருந்தேனே, இல்லையா?

அந்த இயந்திரத்துக்கு ஞாபகம் உண்டென்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
மின்சாரம் போன நிமிடத்தை
வயிற்றுக்குள் எழுதிவைத்திருக்கிறது.
அந்தத் தாளையும் என் தாளையும்
நீங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான்
முதல்முறையாக என் கை நடுங்கியது.

இரண்டு மணி நேரம். இருபத்தெட்டு யூரோ.
இன்னும் கணக்கில் ஏறவில்லை.
இனி அதை
யாரிடம் கேட்க வேண்டும்?