ஓடுதல்

இங்கே சைக்கிளை ஓட்டுவதில்லை, ஓடுகிறார்கள்.
அறிவியல்நகர் விடுதி வாசலில், வந்த அன்றைக்கே,
"நீங்கள் நல்லா ஓடுவீங்களாமே" என்றாள் சேந்தினி.
நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன்.

தூத்துக்குடியில் நின்றால் இந்தப் பக்கம்
ஒரு ராத்திரி வள்ளம் போகிற தூரம்தான்.
நான் வந்ததோ சென்னை, கொழும்பு,
அப்புறம் எட்டு மணி நேரம் பஸ்ஸில்,
மடியில் முன்சக்கரத்தோடு.
விமான நிலையத்தில் கேட்டார்கள்: இது எதுக்கு?
படிக்க, என்றேன்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது
அவர்களுக்கு, எனக்கல்ல.
"கச்சான் வாங்கித் தாறன், வா" என்றாள் தர்மிகா.
எங்கள் அப்பா கச்சான் என்றால்
பாயைச் சுருட்டிவிட்டு மேற்கே பார்ப்பார்.
காற்றை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?
பேப்பர்ச் சுருளில் வறுத்த கடலை வந்தது.

ஆறரைக்கு விடுதிக் கதவு.
அதற்குள் இரணைமடுக் குளக்கட்டில் நாலு சுற்று,
கன்ரீனில் பிளேன்ரீ, ஆறிப்போன ரோல்ஸ்,
நீர்ப்பாசனப் பாடத்தின் குறிப்பு,
யாரை யார் பார்க்கிறார்கள் என்ற கணக்கு.
என் பிறந்தநாளுக்கு கேக்கில்
'ஜெனோபா' என்று எழுதியிருந்தது.
நான் திருத்தவில்லை, பசி.

ஒருநாள் நெடுந்தூரப் பயிற்சியில்
அவசரமாக வந்தது. ஊரில் பழகினபடி
சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பற்றைக்குள் இறங்கப் போனேன்.
நாலு குரல் ஒன்றாகக் கத்தியது.
தார்க்கரையில் நின்றேன், ஒரு கால் அந்தரத்தில்.
"துப்புரவாக்கின இடம்தான்" என்றாள் சேந்தினி,
"எல்லாம் கிளியர். ஆனாலும் இறங்க மாட்டம்.
அது காலுக்குப் பழகிப்போச்சு."
எங்களுக்கு, கரையை விட்டு இறங்கினால்தான் சோறு.
அதைச் சொல்லவில்லை.
பெட்ரோல் ஷெட் வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தப் பட்டியல்.
பல்கலைக்கழக அணியில் நாலு பேர்.
நான் உள்ளே, சேந்தினி வெளியே.
அவள் வட்டக்கச்சிக் கழகத்தின் சட்டை போட்டாள்.
பதினேழு நாள் பேசவில்லை.
ஒரே குழாயடியில் பல் தேய்த்தோம்.

பரந்தன் சந்தியிலிருந்து புதுக்குடியிருப்பு.
இருபத்தாறு பெண்கள்.
முரசுமோட்டை வயல்வெளி திறந்ததும்
வலப்பக்கமிருந்து சோளகம் அறைந்தது.
முன்னால் போனவர்கள் சரிவாக ஒரு கோடு பிடித்தார்கள்,
ஒருத்தியின் தோளுக்குப் பின்னால் இன்னொருத்தி ஒளிய.
சாலை ஏழு பேருக்குத்தான் அகலம்.
நான் எட்டாவது.

என் டயர் வெள்ளைக் கோட்டில்.
பிறகு கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தார்.
அதற்கப்பால் மண்.
உப்பளத்து ரோட்டில் என்றால்
இறங்கி, புழுதி கிளப்பி, மறுபடி ஏறியிருப்பேன்.
இறங்கு என்றேன்.
கால் கேட்கவில்லை.
நான் பிறக்காத ஊரின் பயம்
நாலு மாதத்தில் என் தொடைக்குள் வந்து குடியிருந்தது.
பிரேக்கில் விரல் போயிற்று.

ஏழாவதாகப் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை.
அரைச் சக்கரம் வலப்பக்கம் ஒதுங்கினாள்,
தோள் முழுக்கக் காற்றில்.
விழுந்த நிழல் அளவு இடத்தில்
நான் நுழைந்தேன்.

நன்றியாக ஒன்று செய்திருக்கலாம்.
கடைசி இருநூறு மீட்டரில்
அவளைத் தாண்டினேன். கைப்பிடி அளவு வித்தியாசம்.
அதை மட்டும் நான் இன்னும் யோசிக்கவில்லை.

ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்:
"இந்தியாவிலிருந்து வருகை தந்த வீராங்கனை ஜெனோபா, எட்டாம் இடம்!"
முதல் வந்தவளுக்கு விழுந்ததைவிடக் கூடுதலாய்க் கைதட்டல்.
ஒன்பதாம் இடத்தை வாசிக்கவே இல்லை.

மர நிழலில் ரியூப் மாற்றிக்கொண்டிருந்தேன்.
பேப்பர்ச் சுருள் ஒன்று மடியில் விழுந்தது, சூடாக.
"வடிவா ஓடினாய், கள்ளி" என்றாள்.
அவ்வளவுதான். தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

இரவு அம்மா கூப்பிட்டாள்.
"ரேஸ் என்னாச்சு?"
வாய் நிறையக் கச்சானோடு சொன்னேன்:
"ஓடினேம்மா. எட்டாவது."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"ஓடுனியா? ஏம்ளா, சைக்கிளுக்கு என்ன ஆச்சு?"