திருத்தம்

இரவு பதினொன்று நாற்பதுக்கு
நாகர்கோவில் பதிப்பின் நான்காம் பக்கம் அச்சுக்குப் போகும்.
அதற்குள் எது மிஞ்சினாலும்
வெட்டுகிறவள் நான்.

தோபியாஸ் அருமனைப் பகுதி நிருபர்.
சென்டிமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு.
அந்தப் பணம் கைக்கு வருவதற்குள்
அடுத்த மழை வந்துவிடும்.
அதனால் பால்வெட்டு.
மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கு,
முந்நூறு ரப்பர் மரம்,
மரத்துக்கு ஒரு சாய்ந்த வெட்டு, ஒரு சிரட்டை.

ஊர் உறங்கும் அந்த நேரத்தில்தான்
கூனிப்பாறை லாரி ஏறி
களியக்காவிளைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.
தார்ப்பாய் போர்த்திய மலை.
பால் கணக்கு எழுதும் நோட்டைத் திருப்பிவைத்து
பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தார்.
வண்டி எண், நேரம், டயர் எத்தனை.
பதினேழு இரவு.
தொள்ளாயிரத்து நான்கு லாரி.
அனுமதி, நாளொன்றுக்கு எட்டு.

எனக்கு வந்தபோது செய்தி
முப்பத்தொன்பது சென்டிமீட்டர்.
உள்ளறையிலிருந்து ஒரு குரல்:
"அதைக் கொஞ்சம் பாத்துப் போடுங்கம்மா."
பார்த்தேன்.
அதே பக்கத்தின் கீழே
கிரஷர் முதலாளி வீட்டுக் கல்யாண வாழ்த்து,
கால் பக்கம், வண்ணத்தில்.
நோட்டை வெட்டினேன். இரவை வெட்டினேன்.
பாறையையும் வெட்டியபின்
நின்றது நாலு வரி:
அருமனை சாலையில் பள்ளம்,
வாகன ஓட்டிகள் அவதி.

மறுநாள் போனில் அவர் திட்டுவார் என்றிருந்தேன்.
"நானும் வெட்டுக்காரன்தானே பிள்ளே.
கத்தி பட்டையோட நிக்கணும்.
தடியில பட்டா
அந்தப் பக்கம் அப்புறம் பால் தராது,
பாத்துக்கிடுங்க."

நோட்டோடு கலெக்டர் ஆபீஸ் போனார்,
திங்கட்கிழமை மனு வரிசையில் நின்றார்.
புதன்கிழமை அவர்மேல் ஒரு புகார்:
பணம் கேட்டு மிரட்டினாராம்.
ஸ்டேஷனில் அடையாள அட்டை கேட்டார்கள்.
நாங்கள் கொடுத்ததே இல்லை.
எங்களுக்குப் போன் செய்தார்கள்.

அன்றிரவு என் மேசைக்கு வந்தது
எட்டுக்கு ஐந்து, கறுப்புக் கட்டத்துக்குள்:
'இப்படத்தில் உள்ள ஞா. தோபியாஸ் என்பவருக்கும்
எங்கள் நாளிதழுக்கும்
எவ்விதத் தொடர்பும் இல்லை.'
ஒன்பது வருடம்
'நமது நிருபர்' என்றே அச்சானவர்
அன்றுதான் முதல்முதலாகப்
பெயரோடும் முகத்தோடும் வந்தார்.
ஓரெழுத்துகூட வெட்டச் சொல்லவில்லை யாரும்.
தகப்பன் பெயர் ஞானபாக்கியம்,
இன்ஷியல் சரிதானா என்று பார்த்தேன்.
என்னால் முடிந்த நேர்மை
அவ்வளவுதான் இருந்தது.

விடுமுறை நாளில்
வடசேரியில் பஸ் ஏறினேன்.
மன்னிப்புக் கேட்கவா? தெரியவில்லை.
முக்குக் கடையில் விசாரித்தால்
பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடணும்,
ஜாமீன், போயிருக்காரு, என்றார்கள்.

திரும்பி வர நிழற்குடையில் நின்றேன்.
சுவரில் கரியால்
பெரிதாக, லேசாகச் சாய்ந்து:
நேத்து ராத்திரி 61.
அதற்கடியில் யாரோ சுண்ணாம்பு அடித்து மறைத்த
முந்தைய ராத்திரிகள்
வெள்ளைக்குள்ளிருந்து தெரிந்தும் தெரியாமலும்.
எனக்குத் தெரிந்த கையெழுத்துதான்.
பத்து வருடப் பழக்கத்தில்
கண் பிழை தேடியது.

ஓரத்தில், வேறு கை, வேறு கரி:
62.
ஒண்ணு விட்டுப்போச்சு,
நாலு மணி வண்டி.

பத்து வருடத்தில்
எத்தனையோ திருத்தம் போட்டிருக்கிறேன்,
மணமகன் பட்டப்படிப்பு,
கருமாதி தேதி, தங்கம் விலை.
எல்லாம் ஆறாம் பக்க மூலையில்,
கண்ணில் படாத அளவு எழுத்தில்.

பஸ் வந்தது.
அலுமினியச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு
அந்த மீன்கார அம்மா
சுவரை இன்னொரு தடவை பார்த்தார்.
"அறுபத்திரெண்டாக்கும்,"
கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டே ஏறினார்.
அவன் டிரைவரிடம் சொன்னான்.