மூன்றடிக்கு நாலடி

சனிக்கிழமை பத்து மணி என்று
பலகையில் எழுதியிருக்கிறது.
குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைச் சாத்திவிட்டால்
பத்தே முக்கால்.
மேலப்பாளையத்துப் பிள்ளைகள்
கேட் திறந்த வேகம் குறையாமல் உள்ளே வருவார்கள்.
செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம்.
"எக்கா, ரப்பர் இருக்கா?"

இருக்கும். எண்ணி வைத்திருக்கிறேன்.
பென்சில் நாற்பது. ரப்பர் இருபத்திரண்டு.
ஷார்ப்னர் மூன்று,
ஒன்றுதான் சீவும், மற்ற இரண்டும் கடிக்கும்.
நான் ஓவியம் படித்தவள் இல்லை, பி.காம்.
அச்சகமாக இருந்து அருங்காட்சியகமான
இந்தக் கட்டடத்தின் வரவும் செலவும்
டிக்கெட்டும் கக்கூஸ் சாவியும்
என் பொறுப்பு.

அன்றைக்கு ஜெபக்கனி டீச்சர் சொன்னது இவ்வளவுதான்:
பிடித்த இடத்தில் உட்காருங்கள்.
கால் மணி நேரம் பென்சிலைத் தொடாதீர்கள்.
பிறகு, பார்த்ததை மட்டும் வரையுங்கள்.

ரிஃபாயா படகுத்துறைக்குப் போனாள்.
ஆரோனும் செய்யது அலியும்
ஒரே குதிரைக்குச் சண்டை போட்டு
தலை உனக்கு, வால் எனக்கு என்று
பாகம் பிரித்துக்கொண்டார்கள்.
முப்பிடாதி மட்டும்
படமே இல்லாத சுவருக்கு முன்னால்
சம்மணம் போட்டாள்.

அங்கே பெரிய எண்ணெய் ஓவியம் ஒன்று இருந்தது.
நெற்களம், நிறைய ஆட்கள்.
சட்டத்தைக் கரையான் தின்றதால்
பங்குனியில் சென்னைக்கு அனுப்பினோம்.
ரசீது என்னிடம் இருக்கிறது.

"ஏ பிள்ள, அங்கன ஒண்ணுமில்லயே."
"இருக்குக்கா" என்றாள், திரும்பாமல்.

அப்போதுதான் நானும் பார்த்தேன்.
பன்னிரண்டு வருட வெயிலில் வெளுத்துப்போன சுவரில்
வெயில் படாத செவ்வகம் ஒன்று,
முதல் நாள் அடித்த பச்சை அப்படியே.
இடது பக்கம் சாய்ந்த ஆணி.
பல்லி முட்டையிட்டுப் போன இரண்டு வெள்ளைத் தடம்.
கீழ் மூலையில் பென்சிலால் 17.
என் கையெழுத்து.

அவள் செவ்வகத்தைத் தொடவே இல்லை.
சுற்றிலும் கரியேற்றிக்கொண்டே வந்தாள்,
முக்கால் மணி நேரம்,
சுண்டுவிரல் ஈயமாகும் வரை.
நடுவில் தாள் தானாகவே
வெளிச்சம் போட்டுக்கொண்டது.
டீச்சர் குனிந்து பார்த்துவிட்டு
ஒன்றே ஒன்று கேட்டார்:
"ஆணியோட நிழல் எந்தப் பக்கம்?"
முப்பிடாதி எழுந்து மறுபடியும் பார்க்கப் போனாள்.

ஆனி மாதம், சாரல் காற்று.
பிள்ளைகள் கண்காட்சியில்
தாள்கள் எல்லாம் கிளிப்பை மீறிப் படபடத்தன.
அறங்காவலர் ஒருவர் கேட்டார்,
"இது முடியாத படமா?"
பெயர் வைக்க மாட்டேன் என்று அவள் சொன்னதால்
நான் எழுதிய சீட்டு:
முப்பிடாதி, எட்டாம் வகுப்பு.
தாளில் பென்சில். 17.

லோடு ஆட்டோவை வெளியே நிறுத்திவிட்டு
அவளுடைய அப்பா வந்தார்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்,
மறுபடி படத்தை.
கிட்டே போய் ஆணியை ஆட்டிப் பார்த்தார்.
"சரியாத்தான் இருக்கு."

நிதி தந்தவர்களின் படிவத்தில் ஒரு கட்டம்:
மாணவர் அடைந்த பயன்,
ஐம்பது சொற்களுக்கு மிகாமல்.
பென்சில் ஒன்பது குறைவு என்று எழுதி
அடித்துவிட்டேன்.

ஆவணியில் நெற்களம் திரும்பி வந்தது.
புதுச் சட்டம், நாலு பக்கமும் ஓர் அங்குலம் கூட.
பச்சை மொத்தமும் மூடிவிட்டது.
அந்தச் சனிக்கிழமை
முப்பிடாதி அதன் முன்னால் நின்றாள்.
அறுத்தவர்களையோ தூற்றியவர்களையோ
அவள் பார்த்ததாகத் தெரியவில்லை.

"எக்கா, இதக் கழட்டவே மாட்டியளா?"
கழற்ற முடியாது என்பதற்கு
கமிட்டி, கடிதம், இன்சூரன்ஸ் என்று
என்னென்னவோ சொன்னேன்.
"சரி, உள்ள இருக்குல்லா" என்றவள்
குதிரைக்காரர்களோடு
ஷார்ப்னருக்குச் சண்டை போடப் போய்விட்டாள்.

சாயங்காலம் பூட்டுவதற்கு முன்
சட்டத்தின் ஓரத்தை
ஒரு விரல் அகலம் தூக்கிப் பார்க்கிறேன்.
அலாரமெல்லாம்
எங்களிடம் கிடையாது.