வரவில்லை என்று குறிக்கவும்

அணை உடையும் முன் நாளுக்கு நாற்பது டோக்கன்.
மதியத்துக்குள் முடிந்துவிட்டால்
டாக்டர் நெரெய்டா கொல்லைக் கொய்யாவை
ஊசித் தட்டில் அரிந்து வைப்பார்.
இப்போது நூற்றுப் பதினெட்டு.
வரிசை ரொட்டிக் கடையைத் தாண்டி
தேவாலயப் படி வரைக்கும்.
கொல்லைச் சரிவில் வந்து நின்ற சேற்றுக்கு மேலே
கொய்யாவின் உச்சிக் கிளை மட்டும்,
கடைசி பெஞ்சிலிருந்து
'உள்ளேன் ஐயா' சொல்லும் கைபோல.

நான் பதிவு மேசை.
பெயர் சொல்லுங்கள், பிறந்த தேதி, என்ன செய்கிறது?
தூக்கமில்லை.
கணுக்கால் அரிக்கிறது.
குளிப்பாட்டினால் குழந்தைக்குக் கண் சிவக்கிறது.
நெஞ்சில் ஒரு லாரி நிற்கிறது.
கணினியில் லாரிக்குக் கட்டம் இல்லை.
மார்பு வலி என்று தட்டுகிறேன்.
சேறு என்று ஒரு நோயும் அதில் இல்லை.

தூக்க மாத்திரை மாதத்துக்கு நானூறு அனுப்புவார்கள்.
பத்தாம் தேதி தீர்ந்துவிடும்.
பதினொன்றிலிருந்து மருந்தாளர் ஜுராண்டிர்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
எலுமிச்சைப் புல் கஷாயம் போடுவது எப்படி என்று
குனிந்து குனிந்து சொல்லித்தருகிறார்.

சுரங்கக் கம்பெனியின் நீல அட்டைக்காரர்கள்
முன்பெல்லாம் பக்கத்து ஊர்த் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்.
வேலை போனது, அட்டையும் செத்தது.
சட்டையில் சின்னம் இருந்த இடத்தில்
தையல் பிரித்த துளைகளோடு எங்கள் வரிசையில் நிற்கிறார்கள்.
அணையின் அளவுமானிகளைப் பார்த்துக்
கையெழுத்திட்டு வந்த அடாவுட்டோவும் நிற்கிறான்.
ரத்த அழுத்தம் நூற்றித் தொண்ணூறு.
அவன் பக்கத்து நாற்காலி காலியானால்
டோனா சுல்மிரா உட்காரமாட்டாள்.
டோக்கனைப் பின்னால் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு
மறுபடி கடைசியில் போய் நிற்பாள்.
ஒரு திங்கட்கிழமை மூன்று தடவை நின்றாள்.
நாற்காலிகளை மாற்றிப் போட்டுப் பார்த்தோம்.
இடமே அவ்வளவுதான்.

மாதத்தின் முதல் செவ்வாய், சைரன் ஒத்திகை.
ஒத்திகை என்று எல்லோருக்கும் தெரியும்.
ஆனாலும் மேடேறுகிறார்கள்,
அழுத்தம் பார்க்கும் பட்டை தொங்கும் கையோடு ஒருவர்,
தெர்மாமீட்டரைக் கக்கத்தில் இடுக்கியபடி ஒரு சிறுமி.
இறங்கி வந்ததும் யார் எழுபத்திரண்டு,
யார் எழுபத்துமூன்று என்று சண்டை.
எனக்கு அந்தச் சண்டை பிடிக்கும்.

சுல்மிராவின் மகன் வாண்டெய்ர்.
இடது கீழ்த்தாடை, இரண்டாம் கடைவாய்ப்பல்,
தற்காலிக அடைப்பு, வியாழன் வரவும்.
அணை உடைந்தது புதன் மாலை,
ஷிஃப்ட் மாறும் நேரம்.
அவன் எக்ஸ்ரேயை மாநிலத் தலைநகருக்கு வாங்கிப் போயிருக்கிறார்கள்,
கிடைக்கிற தாடைகளோடு வைத்துப் பார்க்க.
எங்களிடம் மிச்சம் அந்த வியாழக்கிழமை.

பல் அறை இன்று குடிநீர் பாட்டில் கிடங்கு,
சாய்வு நாற்காலி மேல் அட்டைப் பெட்டிகள்.
பல் டாக்டர் மாற்றல் வாங்கிப் போய் ஏழு மாதம்.
கணினிக்கு இதெல்லாம் தெரியாது.
வாரம் தவறாமல் அவன் பெயரை எழுப்பிக் கேட்கும்:
வந்தாரா, வரவில்லையா?
மூன்று 'வரவில்லை' விழுந்தால்
பெயர் தானாக நீங்கிவிடும்.
இரண்டு விழுந்தாயிற்று,
நான் காய்ச்சலில் கிடந்த இரண்டு வாரம்.

நேற்று வியாழன்.
கண்ணாடிக்கு அந்தப்புறம் சுல்மிரா.
கால் வீக்கம் என்றாள்.
எழுதிக்கொண்டேன்.
இன்னிக்கு அவன் பேரும் வந்திருக்குமே என்றாள்.
திரையை அவள் பக்கம் திருப்பவில்லை.
'தேதி மாற்றுக' அழுத்தினேன்.
காரணம் கேட்டது.
ஷிஃப்ட் முடியவில்லை என்று தட்டினேன்.
அவளுக்குப் பின்னால்
நூற்று மூன்று இருமினார்.